ஜப்பானிய ராணுவ வாளில் பெயரைத் தேடுவதற்கு முன்னால் முத்திரையைப் பாருங்கள்

இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஜப்பானிய வாள் ஒன்றைப் பார்த்தவுடன், அது அருங்காட்சியகத்தில் இருந்தாலும் சரி, ஏலத்தில் விலைக்கு வந்திருந்தாலும் சரி, எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி "இதைச் செய்தது யார்?" என்பதுதான். என்னைக் கேட்டால் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் இது எந்த வகை வாள், அப்புறம் அதில் முத்திரை ஏதாவது குத்தியிருக்கிறதா, அப்புறம் தேதி இருக்கிறதா, கடைசியாகத்தான் பெயர். பெயரில் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் பெயரிலேயே மாட்டிக்கொள்கிறார்கள். ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன்.

கொஞ்சம் பின்னணி வேண்டும். 1876ல் மெய்ஜி அரசு, ராணுவத்தாரும் காவலரும் தவிர வேறு யாரும் பொது இடத்தில் வாள் அணியக்கூடாது என்று தடை போட்டது. அதோடு வாள் கொல்லர்களின் பிழைப்பு போனது, பலர் சமையல் கத்தியும் அரிவாளும் செய்யப் போனார்கள். ராணுவ அதிகாரிகள் இடுப்பில் தொங்கியது ஐரோப்பியப் பாணிப் பட்டாக்கத்தி. பிறகு 1930களில் தேசியவாதம் தலைக்கேறியபோது பழைய சாமுராய் வடிவம் திரும்பி வந்தது. 1934ல் தரைப்படை அதிகாரிகளுக்கு வகை 94, 1935ல் சார்ஜென்ட் மாதிரியான கீழ்நிலைப் பதவிக்காரர்களுக்கு வகை 95, 1937ல் கடற்படை அதிகாரிகளுக்குத் தனி வாள், 1938ல் வகை 98. தரைப்படை அதிகாரிகளின் இந்தப் புதிய வாளை ஷின்-குன்தோ என்பார்கள், கடற்படையுடையது காய்-குன்தோ. சீனாவோடு போர் பெரிதானதும் அதிகாரிகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு வாள் வேண்டும், ஆனால் பழைய முறையில் செய்யத் தெரிந்த கொல்லர்கள் கைவிட்டு எண்ணும் அளவில்தான் மிச்சம். இந்த இடைவெளியை நிரப்பத் தொழிற்சாலைகளும் பட்டறைகளும் இறங்கின. முத்திரைகள் எல்லாம் அந்த அவசரத்தின் விளைவு.

வாளுக்குக் காசு கொடுத்தது யார் என்பதைத் தெரிந்துகொண்டால் இந்தக் குறிகளில் பாதி தானாகவே புரிந்துவிடும். கீழ்நிலைப் பதவிக்காரரின் வாள் அரசாங்கச் சொத்து, துப்பாக்கி மாதிரி கையெழுத்துப் போட்டு வாங்கித் திருப்பிக் கொடுக்க வேண்டியது. அதனால் அதில் வரிசை எண் இருக்கும், கொல்லர் பெயர் இருக்காது. அதிகாரியின் வாள் அவரே தன் காசில் வாங்கியது, கடையிலோ, கைகோஷா என்ற தரைப்படை அதிகாரிகள் சங்கத்தின் விற்பனை நிலையத்திலோ, அல்லது கொல்லரிடம் நேரடியாகச் சொல்லிச் செய்தோ. சிலர் வீட்டிலிருந்த பரம்பரை வாளையே எடுத்து ராணுவப் பிடியும் உறையும் போட்டுக்கொண்டார்கள். அதனால் அதிகாரி வாளின் உள்ளே இருப்பது ஐம்பது யென் தொழிற்சாலைச் சரக்கா, ஐந்நூறு வருடப் பழைய வாளா என்பது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. வெளித் தோற்றம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

வகை 95ஐ முதலில் முடித்துவிடலாம், எளிது. அலகில் ஒரு நீளமான பள்ளம் ஓடும், பிடி உலோகத்தில் வார்த்தது. பட்டுநாடா சுற்றிய பிடி மாதிரியே அச்சு வார்த்து மேலே வண்ணம் பூசியிருப்பார்கள். தொடக்கத்தில் செம்பு, பிறகு அலுமினியம், போர் முடியும் தறுவாயில் உலோகம் தட்டுப்பட்டு வெறும் மரம். அலகில் கைக்காப்புக்குக் கொஞ்சம் மேலே சாதாரண எண்களில், அதாவது நாம் எழுதும் 1, 2, 3 எண்களில், வரிசை எண் குத்தியிருக்கும். உறையின் வாயிலும் எண் உண்டு. இரண்டும் ஒன்றானால் அந்த வாளும் உறையும் ஒன்றாகப் பிறந்தவை. பிடியின் கழுத்து வளையத்தில் பொட்டு மாதிரி சின்னச் சின்ன முத்திரைகள் இருக்கும். தோக்கியோ ஆயுதச்சாலை, நாகோயா ஆயுதச்சாலை, கொகுரா ஆயுதச்சாலை என்று எதன் மேற்பார்வையில் செய்ததோ அதன் குறியும், பரிசோதகரின் குறியும். பிடியைத் திருகாணி போட்டு முடுக்கியிருப்பார்கள், அதைக் கழற்றிக் கையெழுத்தைத் தேடாதீர்கள், ஒன்றும் இருக்காது. யாராவது "கொல்லர் கையெழுத்திட்ட சார்ஜென்ட் வாள்" என்று விற்றால் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுங்கள்.

அதிகாரி வாளைத் திறப்பது

அதிகாரி வாளில் எல்லாம் பிடிக்குள் மறைந்திருக்கிறது. அலகின் அடிப்பகுதி ஒரு நீண்ட தண்டாகப் பிடிக்குள் இறங்கும், அதற்கு நாகாகோ என்று பெயர். அதன் மேல் உளியால் வெட்டிய எழுத்துக்கு மெய். பிடியையும் நாகாகோவையும் சேர்த்துப் பிடித்திருப்பது மெகுகி என்ற ஒரே ஒரு சின்ன மூங்கில் ஆணிதான் (1943 வாக்கில் வந்த உறுதியான மாதிரியில் இரண்டு ஆணிகள் இருக்கும், சில வாள்களில் மூங்கிலுக்குப் பதில் திருகாணி). மூங்கில் ஆணி ஒரு முனையில் பருத்து மறுமுனையில் மெலிந்திருக்கும், மெலிந்த பக்கத்திலிருந்து மரக்குச்சியோ பித்தளைக் கம்பியோ வைத்து மெல்லத் தட்டினால் வந்துவிடும். பிறகு இடது கையால் பிடியின் அடியைப் பிடித்து, அலகு மேலே பார்த்துக் கொஞ்சம் சாய்ந்திருக்க, வலது கை முஷ்டியால் இடது மணிக்கட்டைத் தட்டுங்கள், அதிர்ச்சியில் அலகு மெல்ல மேலே எழும்பும். எழும்பவில்லையா, விட்டுவிடுங்கள். எண்பது வருடத் துரு பிடித்துக்கொண்டிருக்கும், சுத்தியலை எடுத்தால் பிடி உடையும், அல்லது கை போகும். அலகைத் துணி சுற்றியே தொடுங்கள், விரல் ஈரம் பட்ட இடத்தில் துரு ஏறும்.

பிடியைக் கழற்றும்போது ஹபாகி என்ற கழுத்துக் கவசமும், ட்சுபா என்ற கைக்காப்பும், அதற்கு இருபுறமும் செப்பா என்ற மெல்லிய தகடுகளும் ஒவ்வொன்றாக வரும். வரிசை மாறாமல் மேசையில் அடுக்கி வையுங்கள், ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். தகடுகளில் குத்தியிருக்கும் எண்களைப் பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரே எண் இருந்தால் இந்தப் பாகங்கள் எல்லாம் ஒரே வாளுக்குப் பொருத்திச் செய்தவை என்று அர்த்தம், ஒன்றில் மட்டும் வேறு எண் என்றால் எங்கோ எப்போதோ கலந்துவிட்டது.

இப்போது ஒரு கண்டிப்பான வார்த்தை. நாகாகோவில் இருக்கும் துருவைத் தேய்க்காதீர்கள். எலுமிச்சம்பழம், புளி, உப்புத்தாள், எண்ணெய் போட்ட பஞ்சு, எதுவும் வேண்டாம். அந்தத் துருவின் நிறம்தான் வாளின் வயதுச் சான்று. பழைய வாளின் நாகாகோ கறுத்து, வழவழவென்று, அரம் போட்ட கோடுகள் மங்கிப் போயிருக்கும். போர்க்கால வாளில் துரு செம்பழுப்பாக, ஆங்காங்கே இரும்பின் சாம்பல் நிறம் தெரிய, அரக்கோடுகள் நேற்றுப் போட்டது மாதிரி கூர்மையாக இருக்கும். பளபளவென்று தேய்த்துவிட்டால் இரண்டுக்கும் வித்தியாசம் சொல்ல வழி இல்லாமல் போகும், விலையும் பாதியாகிவிடும். எழுத்து தெரியவில்லை என்றால் மேலே கொஞ்சம் முகப்பவுடர் தூவித் துடையுங்கள், பள்ளங்களில் வெள்ளை நின்று எழுத்து எடுத்துக் காட்டும். அல்லது பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்துப் படம் எடுங்கள்.

முத்திரைகள்

நாகாகோவில் மெய்க்கு மேலே, ஆணித்துளைக்குப் பக்கத்தில், அரிசி அளவு அல்லது அதைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு குறி குத்தியிருக்கிறதா என்று தேடுங்கள். உளியால் வெட்டியதல்ல, அச்சை வைத்து ஒரே அடியாக அடித்தது, அதனால் ஆழம் சீராக இருக்கும். மெய் சொல்லாத ஒரு விஷயத்தை இது சொல்லும்: இந்த வாள் எந்த முறையில் செய்தது, யார் சோதித்து வெளியே விட்டார்கள்.

அதிகம் பார்க்கக் கிடைப்பவை இரண்டு. ஒன்று ஷோவா முத்திரை. இடது பக்கம் நடுவில் ஒரு கோடு போட்ட செவ்வகப் பெட்டி, வலது பக்கம் மேலே வளைந்த கோடுகளும் கீழே ஒரு சின்னப் பெட்டியும். இது ஷோவா, அதாவது பேரரசர் ஹிரோஹிதோ ஆட்சிக் காலப் பெயரின் முதல் எழுத்து, சில சமயம் ஒரு வளையத்துக்குள் இருக்கும். இன்னொன்று செகி முத்திரை. இரண்டு கதவு போட்ட வாசல் மாதிரி ஒரு கூடு, அதற்குள்ளே சில கோடுகள். கிஃபு மாகாணத்தில் உள்ள செகி என்ற ஊரின் எழுத்து அது. நூற்றாண்டுகளாக வாளுக்கும் கத்திக்கும் பேர் போன ஊர், போர்க்காலத்தில் அதிகாரி வாள்களில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வந்தது. இந்த இரண்டில் ஒன்று இருந்தால் வாள் பெரும்பாலும் ஷோவாதோ என்ற வகை. ஆலை எஃகை எடுத்து, விசைச் சுத்தியலில் அடித்து, பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தது. எண்ணெயில் தோய்த்தால் இரும்பு மெதுவாகக் குளிரும், விரிசல் விடுவது குறைவு, அவசர உற்பத்திக்கு அதுதான் தோது. பழைய முறையில் தண்ணீரில் தோய்ப்பார்கள், அதில் நல்ல கொல்லருக்குக் கூட அலகு வெடித்துப் போகும். ஷோவாதோவை மட்டம் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை, சண்டைக்கான கருவி என்ற வகையில் அது வேலையைச் செய்தது. ஆனால் அதைப் பழைய முறை வாள் என்று சொல்லி விற்பது ஏமாற்று.

இதே குடும்பத்தில் இன்னும் சில உண்டு. இரண்டு சாய்வுக் கோடுகளுக்குக் கீழே ஒரு பெட்டி இருந்தால் அது நாகோயா ஆயுதச்சாலையின் எழுத்து. இடது பக்கம் மூன்று முனை மேலே நிற்கும் சூலம் போன்ற வடிவம் இருந்தால் அது கிஃபுவைக் குறிப்பது. கடற்படை வாளில் நங்கூரம் வரும். வட்டத்துக்குள் நங்கூரம் இருந்தால் தோயோகாவா கடற்படை ஆயுதச்சாலை. அந்த அலகுகளில் பலவும் துருப்பிடிக்காத எஃகில் செய்தவை. உப்புக்காற்றில் வருடக்கணக்கில் கிடக்க வேண்டியவை என்பதால் அப்படி. அவற்றில் பெரும்பாலும் கொல்லர் பெயர் இருக்காது.

நட்சத்திரம் கதையே வேறு. ஐந்து முனை நட்சத்திரம் ஒன்று சின்னதாகக் குத்தியிருந்தால், அந்த வாளைச் செய்தவர் தரைப்படை அங்கீகரித்த கொல்லர். ஜப்பானியத்தில் ரிகுகுன் ஜுமெய் தோஷோ என்பார்கள். ராணுவம் சோதித்துத் தேர்ந்தெடுத்து, தமஹகனே என்ற மரபு எஃகையும் மரக்கரியையும் ஒதுக்கீடாகக் கொடுத்து, பழைய முறையில்தான் செய்ய வேண்டும் என்று நிபந்தனை போட்டுச் செய்ய வைத்த ஏற்பாடு இது. தமஹகனே என்பது இரும்பு மணலைக் களிமண் உலையில் கரி போட்டு நாள்கணக்கில் எரித்து எடுப்பது. அந்த உலையே பல வருடம் அணைந்து கிடந்து, 1933ல் ஷிமானே மாகாணத்தில் வாளுக்காகவே மறுபடி மூட்டினார்கள். மடித்து மடித்து அடித்து, களிமண் பூசி, தண்ணீரில் தோய்த்த இந்த நவீன மரபு வாள்களை கெண்டாய்தோ என்பார்கள். அதனால் ஒரே ஊர், ஒரே வருடம், ஒரே மாதிரி பிடியும் உறையும் உள்ள இரண்டு வாளில் ஒன்றில் செகி முத்திரையும் மற்றொன்றில் நட்சத்திரமும் இருந்தால், இரண்டும் வேறு வேறு பொருள். விலையிலும் பல மடங்கு வித்தியாசம் வரும்.

முத்திரை எதுவுமே இல்லை என்றால்? இங்கேதான் அவசரப்படக் கூடாது. தனியாகச் சொல்லிச் செய்த கெண்டாய்தோவில் முத்திரை இருக்காது. முந்நூறு வருடப் பழைய வாளில் இருக்காது. முத்திரை வழக்கம் வருவதற்கு முன் செய்த ஷோவாதோவிலும் இருக்காது. அப்போது அலகையே படிக்க வேண்டும். வாயை, அதாவது வெட்டும் விளிம்பை, ஒட்டி ஓடும் வெண்மையான அலைக்கோடு தண்ணீரில் பிறந்ததா எண்ணெயில் பிறந்ததா என்று பார்க்கப் பழகிய கண் வேண்டும், படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, நேரில் நல்ல வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

தேதியைப் படிக்க ஜப்பானியம் தெரிய வேண்டியதில்லை

மெய் ஒரு பக்கம், தேதி மறுபக்கம், இதுதான் வழக்கம். வாள்முனை மேலே இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள், எழுத்து மேலிருந்து கீழே ஓடும். வாய்ப்பக்கம் உங்களுக்கு இடதுகைப் பக்கமாக இருக்கும்போது தெரியும் முகத்தில் பெரும்பாலும் கொல்லர் பெயர், திருப்பினால் தேதி. சில கொல்லர்கள் வேண்டுமென்றே மாற்றிப் போடுவார்கள், பழங்கால வழக்கப்படி, அதையும் ஒரு அடையாளமாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

தேதி எப்போதும் ஒரே சட்டத்தில் வருவதால் எழுத்தைப் படம் மாதிரிப் பொருத்திப் பார்த்தாலே போதும். மேலே முதலில் வருவது மேலே சொன்ன ஷோவா எழுத்து, அதற்குக் கீழே இன்னொரு எழுத்து, அதன் வலது பாதி ஒரு காலிப் பெட்டி. பிறகு எண். பிறகு வருடம் என்ற எழுத்து, கிடைக்கோடுகளை ஊடுருவிக்கொண்டு ஒரு நீளமான செங்குத்துக் கோடு கீழே இறங்கும். பிறகு மீண்டும் எண். பிறகு மாதம், கீழே திறந்த ஒடுக்கமான சட்டம், உள்ளே இரண்டு குறுக்குக் கோடு. கடைசியில் நாள், நான்கு பக்கமும் மூடிய பெட்டி, நடுவில் ஒரு கோடு. எண்களில் ஒன்று, இரண்டு, மூன்று என்பவை அத்தனை கிடைக்கோடுகள். பத்து என்பது கூட்டல் குறி. எட்டு என்பது மேலே நெருங்கிக் கீழே விலகும் இரண்டு கோடுகள். நான்கு, உள்ளே இரண்டு கால் தொங்கும் பெட்டி. ஆறு, மேலே ஒரு புள்ளி, நடுவில் குறுக்குக் கோடு, கீழே இரண்டு கால். ஷோவா எழுத்துகளுக்குக் கீழே கூட்டல் குறியும் அதற்குக் கீழே விலகிய இரண்டு கோடுகளும் இருந்தால் பதினெட்டு. ஷோவா வருடத்தோடு 1925ஐக் கூட்டினால் நம் ஆண்டு வரும், ஆக 1943.

இதில் இரண்டு சிக்கல். கொல்லர்களிடம் இரண்டாம் மாதம், எட்டாம் மாதம் என்று இரண்டில் ஒன்றைச் சம்பிரதாயமாகப் போடும் வழக்கம் பழைய காலத்திலிருந்தே உண்டு. ஆகஸ்ட் என்று இருந்தால் உண்மையிலேயே ஆகஸ்டில் செய்தது என்று சத்தியம் செய்ய வேண்டாம். போர்க்கால வாள்களில் மற்ற மாதங்களும் சாதாரணமாக வரும். இரண்டாவது, 1940ஐ ஒட்டிய வாள்களில் ஷோவாவுக்குப் பதிலாக 2600 என்ற வருடம் வரக்கூடும். ஜப்பானின் முதல் பேரரசர் அரியணை ஏறியதாகச் சொல்லப்படும் வருடத்திலிருந்து எண்ணும் கணக்கு அது, அரசாங்கமே பெரிய விழா எடுத்துக் கொண்டாடியது. அந்த எண்ணில் 660ஐக் கழியுங்கள்.

சரி, இப்போது பெயர்

செகி ஊர் வாளை எடுத்துக்கொண்டால் மெய் பெரும்பாலும் இப்படி அமையும்: மேலே மாகாணம், அப்புறம் ஊர், "வசிப்பவர்" என்று ஒரு எழுத்து, பிறகு கொல்லர் பெயர், கடைசியில் "செய்தது". நோஷூ செகி ஜூ கானே-இன்னார் சாகு, என்று படிப்பார்கள். செகி கொல்லர்களில் ஏராளமானோர் பெயர் கானே என்ற எழுத்தில்தான் தொடங்கும், கானெமிச்சி, கானெநாகா, கானெதோக்கி என்று போய்க்கொண்டே இருக்கும். இது தொழில்பெயர், பெற்றோர் வைத்த பெயர் அல்ல. ஒரே தொழில்பெயரை ஐந்நூறு வருடத்தில் பல பேர் வைத்திருக்கிறார்கள். அதனால் கானெமிச்சி என்று மட்டும் வெட்டியிருப்பதை வைத்து இன்னார்தான் என்று சொல்ல முடியாது. வெட்டிய விதம், எழுத்தின் சாய்வு, அரக்கோடு எந்தத் திசையில் போகிறது, நாகாகோவின் நுனி வடிவம், எல்லாவற்றையும் உறுதியான வாளின் பிரதியோடு ஒப்பிட்டால்தான் முடியும்.

இன்னொரு விஷயத்தைப் புதியவர்கள் பெரும்பாலும் நம்ப மாட்டார்கள். செகியில் மொத்தமாகச் செய்த வாள்களில் கையெழுத்தைக் கொல்லர் போடவே இல்லை. அதற்கென்றே எழுத்து வெட்டும் ஆட்கள் இருந்தார்கள், கொல்லர் பெயரை அவர்கள் வெட்டுவார்கள். அது போலிக் கையெழுத்து அல்ல, கொல்லருக்குத் தெரிந்து, அவர் பட்டறைச் சரக்குக்குப் போட்டதுதான். ஆனால் ஒரே பெயர் பத்து வாளில் பத்து விதமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். முத்திரையை முதலில் பார் என்று நான் சொல்வதும் இதனால்தான். செகி முத்திரை இருக்கும் வாளில் கையெழுத்தின் நெளிவு சுளிவை வைத்து மணிக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வதில் பயன் குறைவு, நட்சத்திரம் இருக்கும் வாளில் அதே ஆராய்ச்சிக்கு மதிப்பு உண்டு.

உண்மையான போலியும் உண்டு. மசமுனே, முரமசா மாதிரிப் புகழ்பெற்ற பழங்காலக் கொல்லர் பெயர் புதுத் துரு உள்ள நாகாகோவில் இருந்தால் சிரித்துவிட்டு நகரலாம்.

முத்திரை இல்லாமலே அடையாளம் பளிச்சென்று தெரியும் சில பட்டறைகளும் இருக்கின்றன. தோக்கியோவில் யாசுகுனி கோயில் வளாகத்துக்குள்ளேயே 1933ல் ஒரு வாள் பட்டறை தொடங்கினார்கள், 1945 வரை நடந்தது, ஏறத்தாழ 8,100 வாள்கள் செய்தார்கள். அங்கே வேலை செய்த கொல்லர்களுக்குக் கோயில் பெயரின் முதல் எழுத்தான யாசு என்பதைச் சேர்த்துத் தொழில்பெயர் கொடுத்தார்கள். யாசுனோரி, யாசுஹிரோ, யாசுமித்சு எல்லாம் அப்படி வந்தவை. கையெழுத்து பெரும்பாலும் வெறும் இரண்டு எழுத்துதான், ஊர் இல்லை, "செய்தது" இல்லை, அதுவும் நான் மேலே சொன்ன பழைய வழக்கப்படி எதிர்ப்பக்கத்தில். மெலிந்த, நிதானமான வடிவம், எல்லாக் கொல்லரும் ஒரே கட்டுக்கோப்பில் செய்ததால் ஒன்றைப் பார்த்துப் பழகினால் மற்றதை அடையாளம் காணலாம். ராணுவக் கல்லூரியில் சிறந்து தேறியவர்களுக்குப் பேரரசர் பெயரில் பரிசாகக் கொடுத்த வாள்களும் இங்கே செய்தவைதான். கடற்படைக்கு இதே மாதிரி கோபே நகரத்து மினாதோகாவா கோயிலில் ஒரு பட்டறை இருந்தது. அங்கே செய்த வாளின் நாகாகோவில் நீரலை மேல் மிதக்கும் சாமந்திப்பூச் சின்னம் வெட்டியிருக்கும், பார்த்தால் மறக்காது.

எனக்கு மிகவும் பிடித்தது இரண்டுக்கும் சம்பந்தமில்லாத மூன்றாவது ஒன்று. ரயில்வே கம்பெனி செய்த வாள்! மஞ்சூரியாவை ஜப்பான் கையில் வைத்திருந்தபோது அங்கே ரயில், சுரங்கம், துறைமுகம் எல்லாவற்றையும் நடத்தியது தென் மஞ்சூரிய ரயில்வே, சுருக்கமாக மான்டெட்சு. அவர்கள் தங்கள் தாலியன் தொழிற்சாலையில், பழைய முறையை ஓரமாக வைத்துவிட்டு, மஞ்சூரியக் குளிரில் உடையாத வாள் வேண்டும் என்று தாங்களே ஒரு முறை வகுத்துச் செய்தார்கள். வெளியே கடின எஃகு, உள்ளே மென்மையான இரும்பு. இதில் கொல்லர் பெயரே கிடையாது. "கோவா இஷ்ஷின், மான்டெட்சு இதைச் செய்தது" என்று கம்பெனி பெயரில்தான் கையெழுத்து. கோவா இஷ்ஷின் என்பது ஆசியாவை எழுப்ப ஒரே மனம் என்கிற மாதிரியான போர்க்காலப் பிரச்சார முழக்கம். ஆசியா எப்படி எழுந்தது என்பது மலேயாத் தோட்டங்களிலிருந்து சயாம்-பர்மா ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்ட தமிழர்களுக்குத் தெரியும், அது வேறு கட்டுரை. மான்டெட்சு வாளில் தேதியும் வேறு கணக்கு. ஷோவா என்று தொடங்கினாலும் எண்ணுக்குப் பதிலாக அறுபது வருடச் சுழற்சிப் பெயர் வரும், நம் பிரபவ, விபவ மாதிரி. பிறகு "வசந்தம்" போலப் பருவப் பெயர். நாகாகோவின் முதுகுப்பக்கத்தில் ஒரு வரிசை எண்ணும் குத்தியிருக்கும், அதை மறக்காமல் படம் எடுங்கள்.

கையெழுத்து மாதிரித் தெரியும் மற்றவை

நாகாகோவில் சிவப்பாகவோ வெள்ளையாகவோ தூரிகையால் எழுதிய எண்ணோ எழுத்தோ இருக்கலாம். அது மெய் அல்ல, பட்டறையில் எந்த அலகு எந்தப் பிடிக்கு என்று குழம்பாமல் இருக்கப் போட்ட குறி. வண்ணம்தானே என்று துடைத்துவிடாதீர்கள். பிடியின் முனையில் வெள்ளியில் ஒரு குடும்பச் சின்னம் பதித்திருக்கலாம், அது உரிமையாளர் வீட்டுச் சின்னம், கொல்லருக்குச் சம்பந்தமில்லை. பிடியில் தொங்கும் குஞ்சத்தின் நிறம் பதவியைச் சொல்லும்: பழுப்பும் நீலமும் கேப்டன் வரையிலான இளநிலை அதிகாரி, பழுப்பும் சிவப்பும் மேஜர் முதல் கர்னல் வரை, அதோடு பொன்னிறமும் சேர்ந்தால் ஜெனரல். குஞ்சத்தை மாற்றிக் கட்ட ஒரு நிமிடம் போதும் என்பதால் அதை வைத்து யாருக்கும் பதவி உயர்வு கொடுத்துவிடாதீர்கள்.

சில வாள்களில் துணியிலோ மரத்துண்டிலோ மையால் எழுதிய சீட்டு ஒன்று கட்டியிருக்கும். 1945ல் சரணடைந்தபோது, என்றாவது திரும்பக் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் அதிகாரிகள் தங்கள் பெயரும் ஊரும் எழுதிக் கட்டியது. தென்கிழக்காசியத்தில் நேச நாட்டுத் தரைப்படைகளை நடத்திய பிரிட்டிஷ் ஜெனரல் ஸ்லிம், ஒவ்வொரு ஜப்பானிய அதிகாரியும் தன் ஆட்கள் முன்னிலையில் வாளை ஒப்படைக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார், அவ்வளவு அவமானம் வேண்டாம் என்று மற்றவர்கள் சொல்லியும் கேட்கவில்லை. பர்மாவின் ஜப்பானியத் தளபதி கிமுராவின் வாள் ஸ்லிம் வீட்டு அலங்காரப் பலகைக்குப் போனது. பர்மா, மலேயாப் பக்கம் கைமாறிய வாள்களில் இந்தச் சீட்டுகள் தப்பிப் பிழைத்திருக்கின்றன. சீட்டில் இருப்பது வாளின் சொந்தக்காரர் பெயர். அதையே கொல்லர் பெயராக எழுதி வைத்திருக்கும் விவரக் குறிப்புகள் நிறையச் சுற்றுகின்றன.

இன்றைக்குச் செய்யும் போலிகளைப் பற்றி ஒரு வார்த்தை. வகை 95ன் நகல்கள்தான் அதிகம் வருகின்றன, அதிகாரி வாளும் வருகிறது. உளியால் வெட்டிய கோட்டைப் பெருக்காடியில் பார்த்தால் சின்னச் சின்ன அடிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும், ஒவ்வொரு அடியிலும் இரும்பு ஒதுங்கி ஓரம் லேசாக எழும்பியிருக்கும். சுழலும் இயந்திர முனையால் செதுக்கிய எழுத்தில் கோடு வழவழவென்று ஒரே அகலத்தில் ஓடும், ஓரம் எழும்பாது. அமிலம் ஊற்றி ஏற்றிய துரு எல்லா இடத்திலும் ஒரே நிறமாக, எழுத்தின் பள்ளத்துக்குள்ளும் அதே அளவில் இருக்கும். அப்புறம், நட்சத்திரமும் நங்கூரமும் செகி முத்திரையும் ஒரே நாகாகோவில் கூட்டமாக இருந்தால், செய்தவர் எதையும் விட்டுவிடக் கூடாது என்று நினைத்திருக்கிறார்.

யாரிடமாவது காட்டிக் கேட்க வேண்டுமானால் நாகாகோவின் இரண்டு பக்கமும் முழு நீளத்துக்கு, முனை மேலே இருக்கும்படி, நேராகப் படம் எடுங்கள். முத்திரையை மட்டும் நெருங்கி ஒன்று, முதுகுப்பக்கம் ஒன்று, கழற்றிய பாகங்களின் எண்கள் தெரிய ஒன்று. எழுத்தை மட்டும் வெட்டி அனுப்பினால் பதில் சொல்கிறவர் திரும்ப இதையெல்லாம் கேட்பார்.

முத்திரையால் நடைமுறையில் இன்னொரு விளைவும் உண்டு. ஜப்பானில் 1958ல் வந்த ஆயுதச் சட்டப்படி, கலைமதிப்புள்ள மரபு முறை வாளுக்குத்தான் பதிவுச் சீட்டு கிடைக்கும், பதிவு இல்லாத வாளை வைத்திருப்பது குற்றம். நட்சத்திரம் போட்ட கெண்டாய்தோவோ யாசுகுனி வாளோ இந்த வடிகட்டியைத் தாண்டும். ஷோவா அல்லது செகி முத்திரை போட்ட ஆலை எஃகு வாள் பெரும்பாலும் தாண்டாது. அதனால் உங்களிடம் இருக்கும் வாளை மெருகு போடவோ மதிப்பிடவோ ஜப்பானுக்கு அனுப்பலாமா என்று யோசித்தால், பிடியைக் கழற்றி முத்திரையைப் பார்க்காமல் பெட்டியைக் கட்டாதீர்கள். பதிவு மறுக்கப்பட்டால் வாள் திரும்பி வராது.